இரவல் பாட்டு

அமெரிக்கப் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் 1965-ல் எழுதிப் பாடிய ‘ரெஸ்பெக்ட்’ பாட்டை முதலில் கேட்க வேண்டும். அப்புறம்தான் அரீத்தா ஃபிராங்க்ளின் 1967-ல் பாடியது. வரிசை மாறினால் ஓட்டிஸ் பாவம், தன் பாட்டையே அரைகுறையாகப் பாடிவிட்டுப் போனவர் மாதிரி தெரிவார். அரீத்தாவைக் கேட்டுப் பழகிய காது, அந்த ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொல்லும் இடம் எங்கே என்று தேடும். மூலத்தில் அது இல்லை. பின்குரல் பெண்கள் அடுக்கடுக்காக வீசும் துண்டுச் சொற்கள் இல்லை. நடுவே வரும் சாக்ஸபோனும் இல்லை. ‘ரெஸ்பெக்ட்’ என்றதும் உலகத்துக்கு ஞாபகம் வருவதில் பாதிக்கு மேல், கவர் பண்ணியவர், அதாவது அடுத்தவர் பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்தவர், கொண்டுவந்து சேர்த்தது.

சொல்லில் என்ன செய்தார் என்று முதலில் பார்ப்போம். ஓட்டிஸ் பாட்டில் பேசுகிறவன் வெளியே போய்விட்டு வீடு திரும்பும் ஆண். நான் இல்லாத நேரத்தில் நீ எனக்குத் துரோகம் பண்ணினாலும் பரவாயில்லை, வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் மரியாதை கொடு என்கிறான். பாதி அதட்டல், பாதி கெஞ்சல். அரீத்தா அந்த வரியைப் புரட்டிப் போட்டார்: நீ இல்லாதபோது உனக்குத் துரோகம் பண்ண மாட்டேன், பண்ண எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான், மரியாதையைக் கொடு. ஆண் பாடிய பாட்டைப் பெண் பாடும்போது ‘அவளை’ ‘அவன்’ ஆக்குவது எல்லாரும் செய்வது. இவர் மாற்றியது, சாவிக்கொத்து யார் இடுப்பில் இருக்கிறது என்பதை.

இசையில் செய்தது அதைவிடத் துணிச்சல். நம் ஊர் ஆர்மோனியக் கணக்கில் சொன்னால் எளிதாகப் புரியும்: சி என்றால் ஒரு கட்டை, டி இரண்டு, இ மூன்று, எஃப் நாலு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு, கறுப்புக் கட்டைகள் அரை அரையாக. ஓட்டிஸ் பாடியது இரண்டு கட்டை. அரீத்தா ஒரு கட்டைக்கு இறக்கினார். ஓட்டிஸின் பாட்டில் நடுப்பகுதி என்று தனியாக ஒன்று கிடையாது. பல்லவியும் சரணமும் ஒரே தடத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் குறையை அடைக்க அரீத்தாவின் குழு, சாம் அண்ட் டேவ் இரட்டையர் பாடிய வேறொரு பாட்டின் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) எடுத்து நடுவில் செருகியது. அது நிற்கும் இடம் நாலரைக் கட்டை மைனர், சோகச் சாயல் கொண்ட கார்டு. ஒரு கட்டையிலிருந்து நாலரைக் கட்டை என்றால் சட்ஜமத்திலிருந்து பிரதி மத்யமம். பன்னிரண்டு ஸ்வரத்தானங்களில் சட்ஜமத்துக்கு அதைவிடத் தூரமான இடம் கிடையாது. முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் பாட்டு அங்கே தாவுகிறது. கிங் கர்ட்டிஸ் எட்டு பார் (தாளச் சுற்று) சாக்ஸபோன் ஊதுகிறார். கடைசியில் ஐந்து கட்டைக் கார்டைத் தொட்டு, பஞ்சமம் வழியாகச் சொந்த சுருதிக்குத் திரும்புகிறது. கேட்கிறவருக்குக் கணக்கு தெரியாது. அறையில் யாரோ ஜன்னலைத் திறந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

பதிவு நடந்தது 1967 பிப்ரவரி 14, நியூயார்க், அட்லாண்டிக் ஸ்டுடியோ. தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர். பின்குரலில் அரீத்தாவின் தங்கை கரோலினும் அக்கா எர்மாவும். பியானோவில் அரீத்தாவே. இதைக் கவனிக்க வேண்டும்: ஏற்பாடு செய்து வைத்த இசைக்கு மேல் வந்து பாடிவிட்டுப் போனவர் இல்லை அவர். எந்த இடத்தில் வாத்தியங்கள் நிற்க வேண்டும், எந்த இடத்தில் சகோதரிகள் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவர் விரலிலிருந்தே வந்தது. அந்த வருடம் ஜூனில் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் இரண்டு வாரம் முதலிடம். ஓட்டிஸின் பதிவு அதே பட்டியலில் 35-ஐத் தாண்டவில்லை.

பணம்? அமெரிக்காவில் சாதாரண வானொலி நிலையம் ஒரு பாட்டைப் போட்டால், எழுதியவருக்கும் அதன் பதிப்புரிமையை வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் காசு போகும். பாடியவருக்குப் போகாது. சட்டம் இன்றைக்கும் அப்படித்தான். இணைய வானொலி, செயற்கைக்கோள் வானொலி வந்த பிறகு அவற்றிலிருந்து மட்டும் பாடகருக்குப் பங்கு உண்டு. ஆக, ஐம்பது வருடம் அமெரிக்க வானொலியில் ஓடிய அரீத்தாவின் ‘ரெஸ்பெக்ட்’டுக்கு வந்த ராயல்டி எல்லாம் ஓட்டிஸ் பக்கம். எழுத்துக்கூட்டலுக்கோ சாக்ஸபோனுக்கோ எழுத்தாளர் வரிசையில் அரீத்தா பெயர் ஏறவில்லை. கவர் பாட்டின் மொத்த வில்லங்கமும் இந்த ஒரு பாட்டிலேயே இருக்கிறது: சேர்த்தவர் ஒருவர், வரவு வைக்கப்படுவது இன்னொருவர் கணக்கில்.

சொல் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிட்டுப் போகலாம். மூல ஒலிப்பதிவையே எடுத்து வெட்டி ஒட்டுவது ரீமிக்ஸ். அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து வேறு பாட்டில் வைப்பது சாம்பிள். மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு புதுச் சொல் போடுவது தழுவல், அல்லது பேர் போடாவிட்டால் திருட்டு. அதே சொல், அதே மெட்டு, புதிய குரல், புதிய பதிவு என்றால்தான் கவர். நான்குக்கும் வாங்க வேண்டிய அனுமதி வேறு வேறு.

மௌனத்தை நம்பியவர்கள்

அமெரிக்கக் கன்ட்ரி (கிராமிய வழி இசை) பாடகி டாலி பார்ட்டன் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ எழுதியது 1973-ல். தன்னைத் தொலைக்காட்சியில் வளர்த்துவிட்ட போர்ட்டர் வேகனரிடமிருந்து தொழில்ரீதியாகப் பிரிந்து போகும்போது சொன்ன நன்றி அது. காதல் முறிவே இல்லை. 1974-ல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம். எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பினார். அவருடைய மேலாளர் கர்னல் டாம் பார்க்கர், பதிப்புரிமையில் பாதியை எழுதிக் கொடுத்தால்தான் பாடுவார் என்றார். எல்விஸ் பாடினால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? டாலி சொன்னார். பதினெட்டு வருடம் கழித்து விட்னி ஹூஸ்டன் பாடி, 14 வாரம் முதலிடத்தில் நின்றபோது அந்தப் பாதியின் விலை என்ன என்று ஊருக்கே தெரிந்தது.

1992-ல் ‘தி பாடிகார்டு’ படத்துக்காக இந்தப் பாட்டைச் சொன்னவர், கதாநாயகனாக நடித்த கெவின் காஸ்ட்னர். முதலில் நினைத்திருந்த பாட்டு வேறொரு படத்தில் வந்துவிட்டது. தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் கையில் கிடைத்தது பாடகி லிண்டா ரான்ஸ்டாட் 1975-ல் பாடிய கவர். அதில் மூன்றாவது சரணம் கிடையாது. டாலியிடம் பேசியபோதுதான் இன்னொரு சரணம் இருக்கிறது என்று தெரிந்து, அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டார்கள். மூலத்தில் டாலி அதைப் பாடவில்லை, பேசுகிறார். கவரிலிருந்து கவர் செய்யப் போகிறவர்களுக்கு இது எச்சரிக்கை: எப்போதும் முதல் பதிவு வரை போய்ப் பார்த்துவிட வேண்டும். நடுவில் வந்தவர் எதைக் கைவிட்டார் என்பது அவர் பதிவில் தெரியாது.

வாத்தியமே இல்லாமல் முதல் முக்கால் நிமிடம் விட்னி தனியாகப் பாடுவதும் காஸ்ட்னர் பிடித்த பிடிவாதம். வானொலிக்காரர்கள் போடமாட்டார்கள் என்ற பயம் இருந்தது. கடைசிப் பல்லவிக்கு முன் எல்லாம் அடங்குகிறது; ஒரு நொடி வெறுமை; ரிக்கி லாசனின் டிரம் ஒரே ஒரு அடி; ஆறு கட்டையில் இருந்த பாட்டு ஏழு கட்டையில் வெடிக்கிறது. இரண்டே செமிடோன் (அடுத்தடுத்த ஆர்மோனியக் கட்டைகளின் இடைவெளி) ஏற்றம். மேடை மெல்லிசைக் குழுக்கள் எத்தனையோ பாட்டில் செய்கிற வேலைதான். இங்கே அது வேலை செய்வதற்குக் காரணம் அந்த வெறுமை.

இந்தப் பாட்டைக் கவர் பண்ணுகிறவர்கள் வழுக்கி விழுவதும் அங்கேதான். வெறுமை பயமுறுத்துகிறது, பாதியாகச் சுருக்கிவிடுகிறார்கள், அல்லது டிரம்ஸின் சிம்பல் தட்டு ஒன்றை உருட்டி நிரப்புகிறார்கள். அடுத்த அடியின் பலம் போய்விடுகிறது. இன்னொரு விபத்து தொடக்கத்தில். முக்கால் நிமிடம் துணையில்லாமல் பாடினால் சுருதி மெல்ல இறங்கும். பாடுகிறவருக்குத் தெரியாது, ஏனென்றால் காதும் கூடவே இறங்குகிறது. கிட்டார் உள்ளே வரும் நொடியில் குட்டு வெளிப்படும். இதற்கு நம்மிடம் ஏற்கெனவே மருந்து இருக்கிறது: சுருதிப் பெட்டி. செல்போன் தம்பூரா போதும். ஹெட்போனின் ஒரு காதில் மட்டும் ஆறு கட்டை சுருதியை மெல்லியதாக ஓடவிட்டுப் பதிவு செய்தால் இறங்காது. ஒலி வெளியே கசிந்து மைக்கில் ஏறாத, காதை மூடும் வகை ஹெட்போனாக இருக்க வேண்டும். திறந்த வகையில் தம்பூரா பதிவில் விழுந்துவிட்டால் பிறகு எடுக்கவே முடியாது.

வேகத்தைக் குறைப்பது எனும் குறுக்குவழி

துள்ளலான பாட்டை எடு, டிரம்ஸைத் தூக்கு, பியானோ வை, பாதி மூச்சில் பாடு. படங்களின் டிரெய்லர்களில் இந்தச் சூத்திரம் சலித்துப்போகும் அளவுக்கு வந்துவிட்டது. இதற்கு வழி காட்டிய பாட்டுகளில் ஒன்று ‘மேட் வேர்ல்ட்’. டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் குழு 1982-ல் சின்த் (மின்னணுக் கீபோர்டு), மெஷின் தாளத்தோடு போட்டது; பிரிட்டனில் மூன்றாம் இடம் வரை வந்தது. மைக்கேல் ஆண்ட்ரூஸ் இசையில் கேரி ஜூல்ஸ் பாடியது 2001-ல் ‘டானி டார்கோ’ படத்துக்காக. 2003 கிறிஸ்துமஸில் பிரிட்டனின் முதலிடம்.

போலிகள் கவனிக்காத விஷயம், ஜூல்ஸ் பாடியதில் மெட்டு துளியும் கெடவில்லை. நாலு கட்டை மைனரில் தொடங்கி மேஜராக ஒலிக்கும் கார்டில் போய் முடிகிற அந்தச் சுழற்சி, நம் கணக்கில் கரகரப்பிரியா. சதுச்ருதி தைவதம் இருக்கிறது. சோகத்துக்கு நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் அந்தத் தைவதத்திலிருந்து வருகிறது. மெதுவாகப் பாடினால் சோகமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக் கீபோர்டில் அந்தக் கடைசிக் கார்டை மைனராக வாசிப்பவர்கள் உண்டு. தைவதம் சுத்தமாகிவிடும், கரகரப்பிரியா நடபைரவி ஆகிவிடும், பாட்டு வெறும் ஒப்பாரி ஆகிவிடும்.

மெதுவாக்கும்போது முதலில் திண்டாடுவது மூச்சு. கணக்கு சின்னதுதான். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் நாலு அடி கொண்ட ஒரு பார் இரண்டு நொடி. நாலு பார் நீளும் ஒரு வரி எட்டு நொடி. அதை 80-க்கு இறக்கினால் அதே வரி பன்னிரண்டு நொடி. எட்டு நொடிக்காக எழுதப்பட்ட வரியை ஒரே மூச்சில் இழுத்தால் கடைசிச் சொல் காற்றாகத்தான் வரும். வரியை இரண்டாக உடைக்க வேண்டும், அதுவும் சொல்லின் பொருள் உடையாத இடத்தில். பெயரடைக்கும் பெயருக்கும் நடுவே மூச்சு வாங்கக் கூடாது. பாடப் போகும் முன் பாட்டுத் தாளில் பென்சிலால் மூச்சுக்குறி போட்டுக்கொள்கிறவர்கள் பதிவில் பாதி நேரத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். இரண்டாவது திண்டாட்டம், அசைகளுக்கு நடுவே விழும் பள்ளம். அதை நிரப்பக் கமகத்தையும் பிருகாவையும் கொட்டுவது இயல்பாக வரும் ஆசை. ஒரு சரணத்துக்கு ஒரு இடம் போதும். அதுவும் இரண்டாவது சரணத்திலிருந்து.

வேகத்தை 120-லிருந்து 115-க்கு மாற்றுவதில் அர்த்தமே இல்லை. யாருக்கும் வித்தியாசம் தெரியாது, மூலத்தோடு ஒப்பிடும்போது மட்டும் சோர்வாகத் தெரியும். ஒன்று தொடாதீர்கள், இல்லையென்றால் கால் பங்காவது மாற்றுங்கள்.

பதினைந்து பக்கம் ஃபேக்ஸ்

கனடாப் பாடகர் லியனார்டு கோஹன் ‘ஹலெலூயா’வை 1984-ல் வெளியிட்டபோது அந்த ஆல்பத்தை அமெரிக்காவில் போடவே கொலம்பியா நிறுவனம் மறுத்தது. 1991-ல் கோஹனுக்குக் காணிக்கையாக வந்த ஒரு தொகுப்புக்காகப் பாடகர் ஜான் கேல் இதைத் தேர்ந்தெடுத்து, சொற்களை அனுப்பும்படி கேட்டார். கோஹன் எழுதிக் குவித்திருந்த சரணங்கள் பதினைந்து பக்க ஃபேக்ஸாக வந்தன. கேல் தனக்கு ஒத்துவருவதைப் பொறுக்கி, பக்திச் சாயல் கொண்டவற்றைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, பியானோவில் பாடினார். ஜெஃப் பக்லி 1994-ல் பாடியது கேலைக் கேட்டு. இன்று கல்யாணத்திலும் சாவிலும் பாட்டுப் போட்டியிலும் ஒலிப்பது பெரும்பாலும் கேல் தொகுத்த வரிசை. எழுதாமல், மாற்றாமல், தேர்ந்தெடுத்ததால் மட்டுமே ஒரு பாட்டுக்கு உருவம் கொடுத்த ஆள் அவர். பதிப்பாசிரியர் வேலை.

கிட்டார் பிடிப்பவர்களுக்கு: பக்லி கேப்போவை (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியை) ஐந்தாவது ஃப்ரெட்டில் மாட்டி, ஜி வடிவக் கார்டுகளைப் பிடிக்கிறார், ஒலிப்பது ஒரு கட்டை. கேப்போ இல்லாமல் சி வடிவத்தில் வாசித்தாலும் சுருதி அதேதான், ஆனால் அந்தக் கண்ணாடிக் கிணுகிணுப்பு வராது. நடை திஸ்ரம், ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும். விரல் தனித்தனியாக மீட்ட வேண்டியதை ஸ்ட்ரம் பண்ணினால் வால்ட்ஸ் நடனம் போல ஆடத் தொடங்கும். ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போவை இறுக்கினால் தந்திகள் இழுபட்டு சுருதி சற்று ஏறும். மாட்டிய பிறகு ஒருமுறை ட்யூன் பார்க்காமல் பதிவுக்குப் போகக் கூடாது.

2008 கிறிஸ்துமஸில் பிரிட்டன் பட்டியலில் வேடிக்கை நடந்தது. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் ஜெயித்த அலெக்சாண்ட்ரா பர்க் பாடிய ‘ஹலெலூயா’ முதலிடம், அதற்கு எதிர்ப்பாக ரசிகர்கள் வாங்கித் தள்ளிய பக்லி இரண்டாம் இடம், கோஹன் 36. முதலிரண்டு இடம் யாருக்கு என்று சண்டை போட்டவர்கள் இரு தரப்பும் வாங்கியது கவரைத்தான். எழுதியவர் என்ற முறையில் மூன்றிலும் கோஹனுக்கு வரவு.

ஒரே ஒரு சொல்லை மட்டும் தொட்டவர் ஜானி கேஷ். நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் டிரென்ட் ரெஸ்னர் 1994-ல் போட்ட ‘ஹர்ட்’டை 2002-ல், எழுபது வயதில் பாடினார். மூலத்தில் தலைமேல் இருப்பது மலத்தால் ஆன கிரீடம். கேஷ் அதை முள் கிரீடம் ஆக்கினார். இளைஞனின் சுயவெறுப்பு, கிறிஸ்தவக் கிழவரின் பாவமன்னிப்பாக மாறுவதற்கு அந்தச் சொல் போதும். ரெஸ்னரின் பதிவில் கிட்டாரில் வேண்டுமென்றே வைத்த அபசுரம் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கும். கேஷ் பதிவில் அது கிடையாது, சாதாரண ஏ மைனர், சி, டி. உறுத்தலைக் கிட்டாரிலிருந்து எடுத்துவிட்டார்கள். நடுங்கும் குரலே அதைச் செய்கிறது. கேட்டுவிட்டு ரெஸ்னர், இந்தப் பாட்டு இனி என்னுடையதில்லை என்று சொன்னது பிரசித்தம். உரிமைப் பத்திரப்படி இன்னும் அவருடையதுதான்.

தொடாமலே விடுவதும் ஒரு முடிவு. டிரேசி சாப்மன் 1988-ல் எழுதிப் பாடிய ‘ஃபாஸ்ட் கார்’ பாட்டை லூக் கோம்ப்ஸ் 2023-ல் பாடியபோது, பாட்டுக்குள் கடையில் பில் போடும் பெண்ணாக வருகிறவளை ஆண் ஆக்கவில்லை. தாடிக்காரக் கன்ட்ரி பாடகர் ஒருவர் அந்தப் பெண்ணாக நின்றே பாடுகிறார். அந்த வருடம் நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்கம், வருடத்தின் சிறந்த பாடல் விருதை எழுதியவர் என்ற முறையில் சாப்மனுக்குக் கொடுத்தது. பாட்டு வந்து 35 வருடம் கழித்து.

சுருதி, கரோக்கி, மின்விசிறி

வீட்டிலேயே கவர் பதிவு செய்கிறவர்களின் பாட்டில் அதிகமாகத் தவறிப்போவது சுருதித் தேர்வு. பெண் பாடியதை ஆண் பாடும்போது அதே சுருதியில் ஒரு ஸ்தாயி கீழே போய்விடுகிறார்கள். ஒரு ஸ்தாயி என்றால் பன்னிரண்டு செமிடோன். ஆண், பெண் குரல்களின் இயல்பான இடைவெளி ஐந்து முதல் ஏழுதான். கச்சேரியில் ஆண் ஒரு கட்டை, பெண் ஐந்து கட்டை என்று வைத்துக்கொள்வது இதே கணக்கு. அதனால் முழு ஸ்தாயி இறக்கினால் பல்லவி பரவாயில்லாமல் வரும், சரணம் தொண்டைக்குள் முணுமுணுப்பாகிவிடும். பெண் ஒரு கட்டையில் பாடியிருந்தால் ஆண் நாலு கட்டையில் முயன்று பார்ப்பது நல்ல தொடக்கம். பாட்டின் ஆக உயரமான வரியை மட்டும் தொடர்ந்து ஐந்து தடவை பாடிப் பாருங்கள். ஐந்தாவது தடவையும் முதல் தடவை போல வந்தால் அதுதான் சுருதி. ஒருமுறை எட்டிப் பிடித்ததை வைத்து முடிவு செய்தால் பதினைந்தாவது டேக்கில் குரல் கிழியும்.

கரோக்கி டிராக்கை மென்பொருளில் ஏற்றி இறக்கலாம், ஆனால் இரண்டு செமிடோனுக்கு மேல் போனால் டிரம்ஸ் தகர டப்பா போலவோ சாக்கு மூட்டை போலவோ ஆகும். அதற்கு மேல் தேவை என்றால் தாளத்தைத் தனியாகவும் சுருதி வாத்தியங்களைத் தனியாகவும் வாசித்துச் செய்வதுதான் வழி. செயலியை வைத்து மூலப் பதிவிலிருந்து குரலை மட்டும் உருவி எடுத்துவிட்டு மிச்சத்தின் மேல் பாடுவது இப்போது சுலபம். கேட்க நன்றாகவும் இருக்கும். ஆனால் அது கவர் ஆகாது. மூல நிறுவனத்தின் ஒலிப்பதிவைத்தான் பயன்படுத்துகிறீர்கள். எழுதியவரிடம் அனுமதி இருந்தாலும் பதிவின் உரிமையாளர் முடக்கலாம்.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண். உயரமான வரியில் இன்னும் அரைச் சாண் பின்னால். அளவுக்காட்டியில் ஆக உரத்த இடம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால் போதும். சிவப்பைத் தொட்டு உடைந்ததை எந்த மென்பொருளும் முழுசாக ஒட்டாது. மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும்தான். விசிறியின் இரைச்சல் குரலுக்கு அடியில் ஒரே சீராக இருந்தாலாவது வடிகட்டலாம். சுற்றிச் சுற்றி வரும் காற்று மைக்கைத் தட்டுவதை வடிகட்ட முடியாது. வெறும் சுவரைப் பார்த்து நின்று பாடாமல், துணிகள் தொங்கும் அலமாரியைத் திறந்து வைத்து அதைப் பார்த்துப் பாடினால் எதிரொலி நன்றாகக் குறையும்.

யாரிடம் கேட்பது

அமெரிக்காவில் ஒரு பாட்டு ஒருமுறை அனுமதியோடு பதிவாகி வெளியாகிவிட்டால், அடுத்தவர் பாட எழுதியவரின் சம்மதம் தேவையில்லை. நிர்ணயித்த கட்டணத்தைக் கட்டினால் போதும். 1909-ல், தானாக வாசிக்கும் பியானோவுக்கான காகிதச் சுருள்களை வைத்து வந்த ஏற்பாடு இது. ஒரு பிரதிக்கு இரண்டு சென்ட் என்று ஆரம்பித்து, 1977 வரை அதே இரண்டு சென்ட்டில் நின்றது. 2023-ல் 12 சென்ட். பாடுகிறவர் தன் பாணிக்கு ஏற்ப இசையமைத்துக்கொள்ளலாம். மெட்டின் அடிப்படையையும் பாட்டின் இயல்பையும் மாற்றக் கூடாது. ஒலிக்கு மட்டும்தான் இந்த வசதி. படத்தோடு சேர்த்தால் தனி அனுமதி.

பணக் கணக்கு தெரியாமல் கையைச் சுட்டுக்கொண்டதற்குப் பாடநூல் உதாரணம் சாஃப்ட் செல் என்ற பிரிட்டிஷ் இரட்டையர். 1981-ல் குளோரியா ஜோன்ஸின் பழைய ‘டெய்ன்டட் லவ்’வை எடுத்து, குரலுக்காக சுருதி இறக்கி, சின்த் போட்டு உலக வெற்றி ஆக்கினார்கள், அமெரிக்கப் பட்டியலில் 43 வாரம். அன்றைய சிங்கிள் இசைத்தட்டில் பின்பக்கப் பாட்டுக்கும் எழுதியவருக்குச் சமமான ராயல்டி உண்டு. பின்பக்கம் சொந்தப் பாட்டு ஒன்றை வைத்திருந்தால் வாழ்நாள் வருமானம். அவர்கள் அங்கேயும் வைத்தது சுப்ரீம்ஸ் குழுவின் பாட்டு, இன்னொரு கவர்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இறுக்கமானது. 2012 திருத்தத்தில் வந்த 31-சி பிரிவுப்படி, முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். உரிமையாளருக்கு 15 நாள் முன்னதாக அறிவிப்பு. வருடத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டி முன்பணமாக. உறையில் இது கவர் என்று எழுத வேண்டும். முன்பு பாடியவரின் பேரோ படமோ கூடாது. அந்தப் பாட்டு வந்த சினிமாவையும் காட்டக் கூடாது. யூடியூபில் தமிழ்ப் பாட்டு கவர்களின் முகப்புப் படங்களை நினைத்துப் பாருங்கள்: பாதி இடத்தில் கதாநாயகனின் போஸ்டர். தொழில்நுட்பத் தேவைக்கு மேல் சொல்லிலோ மெட்டிலோ மாற்றமும் கூடாது. எழுத்துக்கூட்டலையும் சாக்ஸபோனையும் சேர்த்த அரீத்தா, இங்கே உரிமையாளரின் கையெழுத்தில்லாமல் இந்தப் பிரிவுக்குள் நுழைந்திருக்கவே முடியாது.

50,000 பிரதிக்கு முன்பணம் கட்டி வீட்டில் பாடுகிறவர் யாருமில்லை. நடைமுறையில் யூடியூபின் தானியங்கி அடையாளம் காணும் முறை மெட்டைக் கண்டுபிடித்து, விளம்பர வருமானத்தை உரிமையாளர் பக்கம் திருப்பிவிடும். சில பாட்டுக்குப் பங்கு தருவார்கள், சிலதை முடக்குவார்கள். ஸ்ட்ரீமிங்குக்கு அனுப்பும் விநியோக நிறுவனங்களில் பதிவேற்றும்போது ‘இது கவரா’ என்ற கட்டம் ஒன்று இருக்கும். அதை டிக் பண்ணி, பாட்டின் பெயரை மூலத்தில் உள்ள எழுத்துகளோடு அப்படியே போட வேண்டும். எழுதியவர் என்ற கட்டத்தில் மூலப் பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர். பாடியவர் கட்டத்தில் மட்டும் உங்கள் பெயர். இரண்டு கட்டத்திலும் தன் பெயரைப் போட்டுவிட்டு, பாட்டு இரண்டே நாளில் எடுக்கப்பட்டுவிட்டதே என்று புலம்புகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது கண்ணில் படுகிறார்கள்.